பட்டாணியின் பிரஷர் மாத்திரை

சோபாவின் வயிற்றை ஒரே இழுப்பில் கிழித்தாள் தையல்காரி. பஞ்சு பறந்தது. பள்ளிச் சீருடைகள் வெட்டிப் பழகிய கை, கிழிப்பதிலும் கச்சிதம். உள்ளே கைவிட்டுத் துழாவினாள். ஒரு சீப்பு, துருப்பிடித்த சாவி, யாருடையதோ ஒற்றைத் தோடு. மாத்திரை மட்டும் இல்லை.

"ஐயையோ, இனிமே நான் எங்க உட்கார்றது?" என்று அலறினார் கணவர். ஆயுள் காப்பீடு விற்பவர். உயிரைவிட உட்காரும் இடத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்.

"தரையில உட்காருங்க. காலையில புள்ளைய அட்மிட் பண்ணணும், ஞாபகம் இருக்கா?"

மத்தியானம்தான் சிறுநீரக டாக்டரம்மா குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். மகள் பட்டாணிக்குப் பத்து வயது. சிறுநீரகங்கள் இரண்டும் பிறவிச் சோம்பேறிகள். அது பழைய கதை. புதுக்கதை, இதயம். ஸ்கேனில் அதன் சுவர் தடித்திருந்தது.

"இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு, கிட்னியைவிட ஹார்ட்டை நினைச்சுத்தான் எனக்குப் பயம். பிரஷர் ஏறினா ரத்தக்குழாய் விறைச்சுப் போகும். ஹார்ட் அதோட மல்லுக்கட்டியே தடிச்சுப் போயிடும். இத்தனை மாசம் பிரஷர் மாத்திரை குடுத்தும் இறங்கலைன்னா, தொடை வழியா டியூப் விட்டுத்தான் பார்க்கணும். நிஜமாவே மாத்திரை உள்ள போகுதா?"

"என் கையாலதான் குடுக்கறேன் டாக்டர்" என்று அடித்துச் சொன்னவளுக்கு, பஸ்ஸில் வரும்போது சந்தேகம் முளைத்தது. கொடுத்தது அவள் கைதான். விழுங்கியதை யார் பார்த்தார்கள்? உள்ளங்கையில் மாத்திரையை வைத்துவிட்டு இட்லித் தட்டா, இஸ்திரிப் பெட்டியா என்று ஓடுகிறவள் அவள். துப்பிய மாத்திரை எங்காவது கிடைத்துவிட்டால் போதும். பிள்ளைக்கு டியூப் வேண்டாம்.

"ஏம்மா, சின்னப் புள்ளைக்கு ஏது ஹார்ட் பிரச்சினை?" என்றார் கணவரின் அண்ணன். அந்த வீட்டின் சம்பளமில்லாத ஆலோசகர். "அதெல்லாம் எங்க வயசுக்காரங்க சொத்து. என் தம்பி இவனுக்கு இருந்த பிரஷருக்கு, ஆளு பொட்டுன்னு போயிடுவான்னு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"இப்பப் பாருண்ணே!" கணவர் தன் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் முனகி எண்ணைக் காட்டியது. "நார்மல்! டாக்டர் எழுதின சீட்டைக் கிழிச்சுப் போட்டேன். ஒரு மாத்திரை தொடலை. எல்லாம் பூங்கா சிரிப்பு கிளப்பு! ஹா... ஹா... ஹா... என் கஸ்டமர் எல்லாம் அசந்து போறான். பட்டாணியையும் கூட்டிட்டுப் போறேன். ரெண்டே வாரம், அவ ஹார்ட் பஞ்சாயிடும்."

"பஞ்சு இங்க நிறையவே கிடக்கு. ஓரமா நில்லுங்க."

தலையணையை உதறினாள். பூந்தொட்டி மண்ணைக் கிளறினாள். கரடி பொம்மைக்கு அறுவை சிகிச்சையே நடந்தது. வாஷ்பேசின் குழாயைக் கழற்றிக் கவிழ்த்தாள். ஒன்றுமில்லை. அப்படியானால் மாத்திரை உள்ளேதான் போகிறதா? போயும் பிரஷர் இறங்கவில்லையா? தரையிலேயே உட்கார்ந்தாள்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பட்டாணியைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"மாத்திரையைத் துப்பினியா கண்ணு?"

"இல்லம்மா."

"குப்பையில போட்டியா?"

"சீ, மருந்தை யாராவது வீணாக்குவாங்களா?" பட்டாணிக்கு ரோஷமே வந்துவிட்டது.

"அப்ப முழுங்கினியா?"

பட்டாணியின் கண் அப்பா பக்கம் போய் வந்தது.

"அடிக்க மாட்டேன், சொல்லு. அது உன் ஹார்ட்டுக்கான மாத்திரைடா."

"என் ஹார்ட்டுக்கா?" பட்டாணி திகைத்தாள். "எனக்குக் கிட்னிதானேம்மா? சின்னப் புள்ளைக்கு ஹார்ட்டெல்லாம் கெடாதுன்னு பெரியப்பா சொன்னாங்களே? அப்பாதான் பொட்டுன்னு போயிடுவாங்கன்னு..."

சிரிப்பு கிளப் உறுப்பினரின் வாய் பாதிச் சிரிப்பில் நின்றது.

"அதனால?"

"அப்பா மாத்திரையே வேணாம்னு அடம் பிடிச்சாங்கல்ல? அதான், தினமும் நுணுக்கி அவங்க காப்பியில போட்டுடறேன்."