மூக்கு தாழ்ந்த வண்டி

பிப்ரவரி 8, சனிக்கிழமை. போன வாரம் யூமாவில் பார்த்த வண்டியின் உட்கூரையில் இருந்த கறையை மழைநீர்க் கசிவு என்று சொன்னேன். விரலால் அழுத்திப் பார்க்காமலே சொன்னேன். தவறு. அது பீன்ஸ்.

காரின் முன்சீட்டில் உட்கார்ந்து கெண்ட்ரா இவ்வளவையும் எழுதினாள். 'பீன்ஸ்' என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தாள். அடிக்கவில்லை. வீடும் வாகனமும் ஒன்றாக இருக்கும் வண்டிகளைச் சோதிக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் அவள் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பகலில் டயர் கடை வேலை, மாலையில் வகுப்பு. பார்த்ததை அன்றன்றே எழுதிவிட வேண்டும் என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். எழுதாவிட்டால் தான் பார்த்ததையே அவளுக்கு நம்ப முடிவதில்லை.

யூமா வண்டி ஒரு வயதான தம்பதியுடையது. எப்போதோ குக்கர் வெடித்துப் பீன்ஸ் குழம்பு கூரைக்குப் போயிருக்கிறது. கெண்ட்ரா "ஒழுகுது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிய அன்று மாலையே வேறு யாரோ அதை வாங்கிப் போய்விட்டார்கள். அந்தக் கிழவி விஷயத்தைப் போனில் சொல்லிச் சிரித்தாள். சொன்னது கெண்ட்ராவின் அம்மா ரோவீனாவிடம். அன்றிலிருந்து மகளுக்கு வீட்டில் பெயர் பீன்ஸ் நிபுணர்.

ரோவீனாவின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டை விற்றாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை வாங்கியவர்களிடம் சாவியைக் கொடுத்தாக வேண்டும். ஏப்ரலில் ஆரிகன் காட்டு முகாமில் காவல்காரி வேலை, அதன்பின் வடக்கே பீட்ரூட் அறுவடை, குளிருக்கு மறுபடி இந்தப் பாலைவனம். இனி வருஷம் முழுக்க அவளுக்கு வண்டிதான் வீடு. சொந்த வண்டி இல்லாதவர்களுக்குக் காவல் வேலை கிடையாது. கெண்ட்ரா மூன்று பேரோடு ஓர் அறையில் இருக்கிறாள். அங்கே அம்மாவுக்கு இடம் கிடையாது.

"எழுதி முடிச்சாச்சா?" ரோவீனா காரின் கண்ணாடியைத் தட்டினாள். "உள்ள வந்து பாருடீ. வண்டி தங்கம்."

குவார்ட்ஸைட் என்ற பாலைவன ஊருக்கு வெளியே, சரளை மண்ணில் வட்டமாக நின்ற முகாம் அது. வண்டி ஹாய்ட் என்பவனுடையது. அறுபது வயது, ஒட்டகம் போல நீண்ட கழுத்து, முகாமில் யார் எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்கிற குரல். ரோவீனா அவனிடம் சாவியையே வாங்கிவிட்டிருந்தாள். தன் மஞ்சள் மெத்தைப் போர்வையைப் பின்னாலிருந்த கட்டிலில் விரித்தும் விட்டாள். மாலையில் விற்பனைக் கையெழுத்து.

கெண்ட்ரா வரிசையாகப் பார்த்தாள். இன்ஜின் ஆறிக் கிடந்தது; முன்கூட்டியே சூடேற்றிக் கோளாறை மறைத்திருக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் முதல் உறுமலிலேயே எடுத்தது. டயர்களில் வரி ஆழமாக இருப்பதை நம்பக் கூடாது, வெயிலில் நிற்கிற வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே செத்துவிடும். அதனால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, உள்பக்க டயர்களில் பொறித்திருந்த தயாரிப்புத் தேதியையும் படித்தாள். புதியவை. தரையில் குதிகாலால் தட்டிப் பார்த்தாள், எங்கேயும் அமுங்கவில்லை. இந்த முறை விரலால் அழுத்தவும் மறக்கவில்லை. கட்டிலுக்கு மேலே மட்டும் கூரைப்பலகை புதிது. ஏணியேறிப் பார்த்தபோது கூரை விளிம்பெல்லாம் வெள்ளை வெளேரென்று, ஒழுகலை அடைக்கிற புதுப் பசை. பின்பக்கம் கூரை லேசாகக் குழிந்திருந்தது.

"பலகைய ஏன் மாத்துனீங்க?"

"அழகுக்கு" என்றான் ஹாய்ட். "பொம்பளைங்க வந்து பாக்கற வண்டி. நீ முகத்துக்குப் பவுடர் போடறதில்ல?"

"போடறதில்ல."

"தெரியுது."

வட்டமாகப் போட்ட நாற்காலிகளிலிருந்து சிரிப்பு எழுந்தது. பக்கத்து வண்டிக்காரி மேவிஸ் சிரிப்போடு நிறுத்தாமல் தொடையிலும் தட்டிக்கொண்டாள்.

கெண்ட்ராவுக்குக் காது சுட்டது. ஆனாலும் கேட்டுவிட்டாள். "கூரையில தண்ணி ஊத்திப் பாக்கணும்."

சிரிப்பு நின்றது.

அந்த முகாமில் குழாய் கிடையாது. ஒவ்வொரு சொட்டும் ஊரிலிருந்து கேனில் வருகிறது. தட்டுக் கழுவிய தண்ணீரில் கால் கழுவி, அதையே புழுதி அடங்கத் தெளிக்கிறவர்கள் அவர்கள். அங்கே போய்க் கூரையில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்பது, பஞ்ச காலத்தில் சோற்றைக் கொட்டி அடுப்பை அணைக்கிறேன் என்பது போல.

"மழையே பெய்யாத ஊர்ல மழைக்குப் பரீட்சையா?" என்றான் ஹாய்ட்.

"அம்மா ஆரிகன் போறாங்க. அங்க மழை விடாது."

"இருபது வருஷமா இதுல குடியிருக்கேன். என் வீட்ட ஓட்டைன்னு சொல்றியா?"

"சொல்லல. பாக்கணும்னு சொல்றேன்."

"யூமாலயும் இப்படித்தான் பாத்தா" என்றாள் ரோவீனா எல்லோருக்கும் கேட்கும்படி. பீன்ஸ் கதையை முழுசாக, குக்கர் வெடிக்கும் சத்தத்தோடு சொன்னாள். மகள் பக்கத்தில் நிற்பது அவளுக்குத் தெரியாமலில்லை. கதை முடிந்ததும் மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா நிபுணர், என் வண்டியில ஒரு கறை இருக்கு, நக்கிப் பாத்து சொல்றியா?" என்றாள்.

கெண்ட்ரா காரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். இரண்டு பெரிய கேன்களை நிரப்பித் திரும்பினாள். தான் செய்வது பிடிவாதமா, வேலையா என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள். தெரியவில்லை.

யாரும் கைகொடுக்கவில்லை. ஏணியில் கேனைத் தோளில் சுமந்து ஏறி, பின்பக்க மூலையிலிருந்து மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் கூரையில் சரசரவென்று முன்னால் ஓடி, ஓட்டுநர் கண்ணாடியில் அருவியாக இறங்கி மண்ணில் விழுந்தது. விழுகிற இடத்தில் யாரோ நாயைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குளிப்பாட்டினார்களாம். அதற்கும் சிரிப்பு. முதல் கேன் காலியானது. இரண்டாவதில் பாதி போனது.

"உள்ள எப்படிம்மா?"

"பாலைவனம்" என்று கட்டிலுக்கருகிலிருந்து கத்தினாள் ரோவீனா. "எறங்கு. மானம் போனது போதும்."

கெண்ட்ரா இறங்கினாள். ஹாய்ட் மூக்கு நுனிவரை தொப்பியை இழுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தான். "மன்னிப்புக் கேக்கறதுன்னா சத்தமா கேளு, எனக்குக் காது மந்தம்."

"மன்னிச்சுக்குங்க" என்றாள். சத்தமாகவே சொன்னாள். தவறு என்றால் தவறுதான். அதில் அவளுக்கு வேறு கணக்கு இல்லை.

ரோவீனாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "என் அடுப்படியில மொத சமையல்" என்று சொல்லிப் பன்றி இறைச்சித் துண்டுகளை வாணலியில் போட்டாள். "நீயும் வா, தின்னு. கண்ணு மட்டும்தானே பொய் சொல்லும், நாக்கு சொல்லாதில்ல."

கெண்ட்ரா அடுப்புக்கு அருகில் தட்டோடு நின்றாள். கொழுப்பு உருகி வெளியே வந்தது. வாணலியில் அது பரவவில்லை. ஓட்டுநர் இருக்கை இருக்கிற பக்கமாக எல்லாம் ஒதுங்கி அங்கேயே குளம் கட்டிக்கொண்டது. அந்தப் பக்கத் துண்டுகள் கருகின; எதிர்ப்பக்கத் துண்டுகள் பச்சையாகவே கிடந்தன. ரோவீனா வாணலியைத் திருப்பி வைத்தாள். கொழுப்பு மறுபடி முன்பக்கமே போனது.

கெண்ட்ரா தட்டை வைத்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கதவு மூடிக்கொள்ளாதபடி இடுக்கில் ஒரு துணியைச் சுருட்டிச் சொருகியிருந்தது. உள்ளே காலி, அறையின் சூடு. பால், முட்டை, பீர் எல்லாம் மேசைக்கு அடியில் ஓர் ஐஸ் பெட்டியில் இருந்தன.

இந்த வண்டிகளின் ஃப்ரிட்ஜ் கேஸ் நெருப்பில் ஓடுவது. வண்டி சாயாமல் மட்டமாக நிற்காவிட்டால் அது குளிராது, சீக்கிரம் பாழாகியும் விடும். அதனால் முகாமுக்கு வந்து சேர்கிற எவரும் காபி போடுவதற்கு முன், ஒன்றுக்குப் போவதற்கும் முன், சக்கரத்துக்கடியில் கட்டை வைத்து மட்டம் பார்ப்பார்கள். புருஷன் பெண்டாட்டி பேசாமலிருக்கிற நாளிலும் மட்டத்துக்காக மட்டும் பேசிக்கொள்வார்கள். இருபது வருஷம் குடியிருந்த ஹாய்ட், முகாமுக்கே இடம் பிரித்துக் கொடுக்கிற ஹாய்ட், தன் வண்டியின் மூக்கைப் பள்ளத்தில் இறக்கி நிறுத்திவிட்டு ஐஸ் பெட்டியில் பால் வைத்துக் குடிக்கிறான்.

அவள் வெளியே வந்தாள். முன்சக்கரங்கள் ஒரு சிறு பள்ளத்தில் இருந்தன. பள்ளம் புதிது, மண்வெட்டித் தடம் கூட மறையவில்லை. மட்டக் கட்டைகள் பின்னால் மாட்டியிருந்த பெட்டியில் தூசி படிந்து கிடந்தன.

"கட்டை வச்சு மட்டம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டாள்.

ஹாய்ட் தொப்பியை உயர்த்தினான். "எதுக்கு?"

"மறுபடி ஊத்தறதுக்கு."

"போதும்மா உன் விளையாட்டு! ரோவீனா, உன் பொண்ணு மனநிலைக்கு வைத்தியம் பாரு. கையெழுத்துப் போட்டா போடு, இல்லன்னா என் சாவியக் குடு."

"நீங்க ஏன் இப்படி சாய்ச்சு நிறுத்தியிருக்கீங்க?"

"ஓட்டிட்டுப் போக வசதியா."

நாற்காலிகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. கெண்ட்ரா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் தங்கள் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பள்ளம் வெட்டிய அன்றே ஒவ்வொருவரும் அந்தச் சாய்வைப் பார்த்திருக்கிறார்கள்.

ரோவீனா படியில் வந்து நின்றாள். கையில் கரண்டி. முகம் சிவந்திருந்தது, அடுப்புச் சூட்டினால் மட்டுமல்ல. "சரிடீ. வை கட்டைய. நானே ஏத்தறேன். ஊத்து. ஆனா ஒரு சொட்டு விழலன்னா, இந்தப் படியில நீ இனி காலே வைக்கக் கூடாது. நான் எந்த ஊர்ல இருந்தாலும் சரி."

"அம்மா..."

"சரியான்னு கேட்டேன்."

"சரி."

"ரோவீனா, அது இன்னும் என் வண்டி" என்று எழுந்தான் ஹாய்ட்.

"இனி உன் வீடுன்னு காலையில நீதானய்யா சொன்ன. சாவியும் நீதானே குடுத்த." அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கெண்ட்ரா கட்டைகளை அடுக்க, வண்டி உறுமிக்கொண்டு ஏறி மட்டத்துக்கு வந்தது.

மிச்சமிருந்த அரைக் கேனை ஊற்றினாள். சாய்வு இல்லாததால் இம்முறை தண்ணீர் முன்னால் ஓடவில்லை. பின்பக்கக் குழியில் தேங்கி, வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கெண்ட்ரா கீழே இறங்கி உள்ளே போனாள். ஒன்றுமில்லை. புதுப் பலகை காய்ந்து கிடந்தது. கட்டிலின் இருபுறமும் அம்மாவும் மகளும் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்தலையா?" ரோவீனா காருக்குப் போய்த் தங்கள் குடிதண்ணீர் கேனைத் தூக்கி வந்து மகள் காலடியில் போட்டாள். "இதையும் ஊத்து. குடிக்க வேண்டாம். செத்துப் போவோம்."

கெண்ட்ரா ஊற்றினாள். கூரைமேல் முட்டி போட்டபடி, சொட்ட வேண்டுமா வேண்டாமா என்று தனக்கே தெரியாமல் காத்திருந்தாள். சொட்டினால் அம்மாவுக்கு வீடில்லை. சொட்டாவிட்டால் அம்மாவின் வீட்டில் தனக்கு இடமில்லை.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிடவில்லை. வெகு நேரம் கழித்து இறங்கிப் போனாள். ரோவீனா அதே இடத்தில் நின்றிருந்தாள். கட்டிலுக்கு மேலிருந்த விளக்கின் வளையத்திலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் போர்வையில் ஏற்கெனவே ஒரு கையகலம் நனைந்திருந்தது. கெண்ட்ரா கையை நீட்டி விளக்குக்குப் பக்கத்தில் அழுத்தினாள். பலகை ஊறிய ரொட்டி போல விரலை உள்வாங்கியது.

ரோவீனா போர்வையைச் சுருட்டினாள். அடுப்பை அணைத்தாள். சாவியை ஹாய்ட்டின் மடியில் போட்டாள்.

"எந்த வண்டிதான் ஒழுகல?" என்றான் அவன். "ஆத்தையே கொண்டாந்து தலையில ஊத்துனா ஒவ்வொருத்தனும்தான் ஒழுகுவான்."

ரோவீனா அவனைப் பார்க்கவில்லை. மேவிஸைப் பார்த்தாள். "காலையிலேர்ந்து எங்கூட காபி குடிச்சியே. உனக்குத் தெரியும்."

"இங்க யாரும் யார் வீட்டப் பத்தியும் பேசறதில்ல" என்றாள் மேவிஸ். "பேசறவங்க இங்க இருக்கறதில்ல." எழுந்து, இவர்கள் இருவருக்கும் காலையில் போட்டிருந்த நாற்காலிகளை மடக்கினாள். காரின் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். மடக்கிய நாற்காலிக்கு அந்த முகாமில் ஒரே அர்த்தம்தான்: கிளம்பு. அந்த நாற்காலிகள் அம்மாவுடையவையோ மகளுடையவையோ கூட அல்ல. கெண்ட்ரா அவற்றை மணலில் இறக்கிவைத்துவிட்டுக் காரை எடுத்தாள்.

நெடுஞ்சாலை வந்ததும் ரோவீனா வாயைத் திறந்தாள்.

"ஜெயிச்சுட்ட."

"ஜெயிக்கறதுக்கு இல்லம்மா."

"பின்ன எதுக்கு? வெள்ளிக்கிழம சாவி குடுக்கணும். உன் சர்டிபிகேட்ட விரிச்சுப் படுத்துக்கட்டுமா?"

கெண்ட்ராவுக்கு நாக்கு வறண்டிருந்தது. காரில் குடிக்கத் தண்ணீரும் இல்லை. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி இரண்டு பாட்டில் வாங்கி ஒன்றை அம்மாவிடம் நீட்டினாள். ரோவீனா அதை வாங்கி, குடிக்காமல் போர்வையின் கறைமேல் ஊற்றித் தேய்த்தாள். கறை பெரிதானதே தவிர போகவில்லை.

"நான் வேண்டாம்னு விட்ட அந்தப் பார்க்கர் ஊர் வண்டி. விலாசம் இருக்கா?"

"இருக்கு. அது சின்னதும்மா. கட்டில்கூட..."

"நீ பேசாத. நாளைக்கு எத்தன மணிக்குப் பாக்கணும்னு மட்டும் சொல்லு."

"ஏழு."

ரோவீனா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தன் வீட்டு வாசலில் இறங்கியபோதும் திரும்பவில்லை. கெண்ட்ரா விளக்குக் கம்பத்தின் கீழ் காரை நிறுத்தி, காலையில் எழுதியதற்குக் கீழே எழுதினாள்.

மட்டம் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினேன். வாணலியைப் பார்த்திருக்காவிட்டால் அம்மா கையெழுத்துப் போட்டிருப்பாள். இதுவும் தவறு.

நாளை: போகும் வழியில் கேன்களை நிரப்ப வேண்டும். ஏழு மணிக்கு, விற்பவர் இன்ஜினைச் சூடேற்றுவதற்கு முன் பார்க்கர் போய்ச் சேர வேண்டும். முதலில் மட்டம், பிறகு கூரை. அம்மாவை ஆறு மணிக்குக் கூப்பிட வேண்டும்.