சத்தமில்லாத கதவு

என்னைப் பார்த்தாலே சிரிப்பார்கள். துக்க வீட்டுக்குப் போனால்கூட நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஸ்கூட்டர், குக்கர், குறட்டை என்று எல்லாச் சத்தத்தையும் வாயாலேயே போடுவேன். அதனால் சினிமாவில் எனக்கு டமாரம் என்றே பெயர். இந்த டமாரத்திடம் ஒரு இயக்குநர் வந்து, வீடில்லாமல் தெருவில் வாழும் ஒரு தாயாக நடிக்கக் கேட்டபோது நானே சிரித்துவிட்டேன்.

"விளையாட்டில்லக்கா. படத்துல ஒரு இடத்துலகூட உங்களைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றார். என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசினார். நம்பிவிட்டேன்.

நம்பி, யாருக்கும் கொடுக்காத ஒன்றைக் கொடுத்தேன். அப்பா விட்டுவிட்டுப் போனபின் நானும் அம்மாவும் கொஞ்ச காலம் ஒரு கடை வாசலில்தான் படுத்திருந்தோம். கதவில்லாத இடத்தில் தூங்கமாட்டேன் என்று நான் அடம்பிடிப்பேன். அம்மா எழுந்து, இல்லாத கதவை இழுத்துச் சாத்துவாள். இல்லாத சாவியைத் திருப்புவாள். அதை இடுப்பில் செருகிக்கொள்வாள். பக்கத்தில் படுத்திருப்பவர்கள் விழித்துவிடக் கூடாதே என்று எல்லாமே சத்தமில்லாமல் நடக்கும். "பூட்டியாச்சு, தூங்கு" என்று காதோடு சொல்வாள். நானும் தூங்கிவிடுவேன்.

இது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. படத்தில் வைக்கலாமா என்று கேட்டதும் அம்மா காய் நறுக்கிக்கொண்டே இருந்தாள். எல்லாம் நறுக்கி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"வச்சுக்கோ. ஆனா எவனும் சிரிக்கக் கூடாதுடி."

"சிரிக்கமாட்டாங்கம்மா. வாக்குக் கொடுத்திருக்கார்."

அந்தக் காட்சியை எடுத்த அன்று, லைட் பிடித்தவர்கூட மூக்கை உறிஞ்சினார். இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த இடத்துல மியூசிக்கே கிடையாதுக்கா. ஒரு சத்தமும் இருக்காது" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன்.

படம் வெளியாகும் முன், அதை வாங்க வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தாருக்கும் ஒரு மதியம் போட்டுக் காட்டினார்கள். அம்மாவை நல்ல புடவை கட்டச்சொல்லி அழைத்துப்போய், என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

திரையில் நான் எழுந்தேன். கதவை இழுத்தேன். "கிர்ர்ரீஈஈச்!" சாவியைத் திருப்பினேன். "டொக்கு!" அரங்கமே கொல்லென்று சிரித்தது. பின்னால் ஒருவர், "டமாரம் டமாரம்தான்யா!" என்று கைதட்டினார். அம்மா திரையைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது எங்கிருந்து வந்த சத்தம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. டப்பிங் முடிந்த அன்று, மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். இயக்குநர்தான் ஆரம்பித்தார். "அக்கா, வாயாலேயே ஒரு துருப்பிடிச்ச கதவைச் சாத்திப் பூட்டிக் காட்டுங்களேன், சும்மா." நாலு பேர் சுற்றி நின்று கேட்டால் நான் விடுவேனா? செய்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மைக் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

வெளியே போய் அவரைப் பிடித்தேன். சட்டையைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஒரு சத்தமும் இருக்காதுன்னு சொன்னீங்களே!"

"கோவிச்சுக்காதீங்கக்கா. டமாரத்தைப் போட்டுட்டு ஒரு சிரிப்புகூட இல்லன்னா எப்படின்னு வாங்குறவங்க கேட்டாங்க. ஒரே ஒரு இடம்தானே? எப்படி சிரிச்சாங்க பார்த்தீங்கல்ல!"

"எங்கம்மா உள்ள உட்கார்ந்திருக்காங்கய்யா."

"அம்மாவுக்கும் பிடிச்சிருக்கும்க்கா" என்றார். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். நம்பவைத்துக் கழுத்தறுத்த கையாலேயே அடுத்தவரோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார்.

காரில் வரும் வழியெல்லாம் நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். பாவி, படுபாவி, உருப்படுவானா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் பேசினாள்.

"அவன் யாரோ எவனோ. அவன் ஏமாத்தினா ஏமாத்திட்டுப் போறான். அந்தச் சத்தம் யாரோடது?"

நான் மின்விசிறியைப் போடப் போனேன்.

"உன்னோடதுதானே? பெத்தவளுக்குத் தெரியாதா?"

"சும்மா... ஒரு விளையாட்டுக்குத்தாம்மா..."

"அங்க இருந்தவங்கல்லாம் சிரிச்சாங்களா?"

"ம்."

"நீ?"

பொய் சொல்லவில்லை. நானும்தான் சிரித்தேன்.

அம்மா தன் அறைக்குள் போய் மெதுவாகக் கதவைச் சாத்தினாள். பிறகு உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா அந்த அறையைத் தாழிட்டதே இல்லை.

கூப்பிட்டுப் பார்த்தேன். கதவில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்தக் கடை வாசலில்கூட, அம்மா என்னை உள்ளே வைத்துத்தான் பூட்டினாள்.