ஒயர் தெரியாத அறை

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வானம் மூட்டம் போட்டிருந்தது. மழை வருவதாக இல்லை, காற்றும் அசையவில்லை. வீடியோ ஸ்டுடியோவின் எடிட்டிங் அறையில் தங்கை மேசைக்கடியில் மண்டியிட்டிருந்தாள். ஸ்டுடியோவின் முதலாளியான அண்ணன் கதவில் சாய்ந்து நின்றான். அவனுக்குப் பின்னால் அண்ணியின் தம்பி.

அண்ணன் கொடுத்த கெடு மதியம் வரைதான். வெளி ஹார்டு டிஸ்க் ஆமையாக ஊர்வதற்கும் பாதியில் அறுந்துபோவதற்கும் காரணம் அவள் கையா, கருவியா என்று அதற்குள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எடிட்டிங் நாற்காலி அண்ணியின் தம்பிக்கு. அவளுக்கு முன்னறையில் ரசீது போடும் வேலை. சென்ற வாரம் ஒரு கல்யாணப் பதிவில் பாதி அந்த டிஸ்க்கில் ஏறும்போதே பாழாகியிருந்தது.

"உன் கை பட்டா எதுவும் உருப்படாது. சின்ன வயசுல ரேடியோவைப் பிரிச்சுப் போட்டவதானே நீ."

"பிரிச்சது நீ, அண்ணா. அடி வாங்கினதுதான் நான்."

முதலில் கேபிளை மாற்றினாள், பயனில்லை. டிஸ்க்கை முன்னறைக் கணினியில் செருகினாள். அங்கே மடமடவென்று ஓடியது. ஆக, டிஸ்க்கின் மேல் பழியில்லை.

எஞ்சியது ஹப், கணினியின் ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாகப் பிரிக்கும் சிறு பெட்டி. வாடிக்கையாளர் கண்ணில் ஓர் ஒயர்கூடப் படக் கூடாது என்பது அண்ணனின் கொள்கை. ஆகவே கீபோர்டு, கார்டு ரீடர், மேசை விளக்கு, குட்டி மின்விசிறி, டிஸ்க் எல்லாவற்றையும் ஒரே பழைய ஹப்பில் செருகி, அதை ஒட்டுநாடாவால் மேசைக்காலோடு இறுகக் கட்டியிருந்தான். தனி மின்சாரம் இல்லாத ஹப். கணினி ஒரு துளை வழியாகக் கொடுப்பதை எல்லாமாகப் பங்கு போட்டுக்கொண்டன. யாரும் தொடக் கூடாது என்பது உத்தரவு. அவள் தொட்டதில்லை.

இன்று நாடாவைக் கிழித்தாள். டிஸ்க்கைக் கணினியின் பின்புறத்தில் நேரடியாகச் செருகி, பெரிய பதிவொன்றை ஏற்றினாள். அறுபடாமல் ஏறி முடிந்தது. மறுபடி ஹப்பில் செருகி, மின்விசிறியைச் சுழலவிட்டாள். பாதியிலேயே டிஸ்க் திரையிலிருந்து மறைந்தது.

"ஹப்புதான் மாமா பிரச்சனை," என்று சொல்லிவிட்டு அண்ணியின் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கிழிந்த நாடாவைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கேட்டான்: "அப்போ, பின்னாடி செருகினா சரியாகும்னு உனக்குத் தெரியும்?"

"சந்தேகம் இருந்துச்சு."

"எப்போலேர்ந்து?"

பொய் சொல்லியிருக்கலாம். "முதல் தடவை நின்னப்பவே."

"அப்புறம் வாயைத் தைச்சா வச்சிருந்தே?"

"சொன்னேனே, அண்ணா. என் ஒயரிங்குல கை வச்சா கையை ஒடிப்பேன்னு நீதான் சொன்னே."

"அண்ணன் ஆயிரம் சொல்லுவான். ஊரான் வீட்டுக் கல்யாணம் பாழாகுதுன்னு தெரிஞ்சும் அதைக் கேட்டுட்டு உக்காந்திருந்தது யாரு?"

அவளிடம் பதில் இருந்தது. அதைக் கேட்க அவன் காத்திருக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து தட்டச்சு செய்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தான். அவளை முன்னறைக்கு மாற்றுவதற்கான காரணமாக அதில் 'கவனக்குறைவு' என்றிருந்தது. அதை ஒரு கோட்டால் அடித்து, மேலே 'தெரிந்தே மறைத்தது' என்று எழுதினான். கீழே நிதானமாகக் கையெழுத்திட்டு நீட்டினான்.

நாடாவின் பசை ஒட்டிய விரல்களால் அவள் அதை வாங்கிக்கொண்டாள்.