பாதி திருப்பிய சாவி

1

இந்தக் கதை ஓர் இருமலில் பிறந்தது. இருமியது ஒரு பழைய பெட்ரோல் கார். காலையில் சாவியைத் திருப்பினால் நெடுநேரம் இழுக்கும், உதறும், அணையும். எப்படியோ பிடித்துக்கொண்டாலும் சற்று நேரம் உடம்பெல்லாம் குலுங்கும். ஒருமுறை ஓடிச் சூடாகிவிட்டால் அதே கார் பரமசாது.

நான் எழுதிய முதல் தொடக்கம்:

[விடியலின் மெல்லிய பனித்திரையை விலக்கிக்கொண்டு அந்த இயந்திரம் தன் ஆழ்ந்த]

போதும். இரண்டாவது:

[அவன் மனைவி ஒவ்வொரு காலையும் இந்தக் காரில்]

இதுவும் வேண்டாம். எஞ்சினைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எஞ்சினைப் பற்றித்தான் எழுதுவேன்.

2

ஓட்ட ஒருவன் வேண்டுமே. இளைஞன். மனைவி இறந்து ஒரு மழைக்காலம் போயிற்று. கார் அவளுடையது. இவன் வேலைக்கு ரயிலில் போகிறவன். இவ்வளவு போதும். துக்கம் விசாரிக்க வருபவர்களுக்கு இந்தக் கதையில் நாற்காலி போடவில்லை.

அவன் நானில்லை. நீங்கள் சந்தேகப்படுவீர்கள் என்றே அவனுக்கு மீசை வைத்திருக்கிறேன்.*

* எனக்கு மீசை கிடையாது.

அவன் காரை விற்கப் பார்க்கிறான். அது நிற்கும் வாசலைத் தவிர்க்க, பின்கதவு வழியாக வேலைக்குப் போகப் பழகியிருந்தான். வாங்க வருபவர் ஒரு பல் டாக்டர். ஞாயிறு காலை வருவார். போனில் ஒரே நிபந்தனை போட்டார்.

"நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வெச்சிடாதீங்க. பானட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடா இருந்தா அப்படியே திரும்பிடுவேன்."

ஆக, ஆறிக் கிடக்கும் எஞ்சின் டாக்டர் முன்னால் இருமாமல் கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் காலம் முழுக்கப் பின்கதவுதான்.

3

மெக்கானிக்கை அடக்கமானவராகப் படைக்க நினைத்தேன். வாயைத் திறந்தார், கெட்டது.

"பிளக்குதான் தம்பி. சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன்."

மாற்றினார். மறுநாள் காலை கார் இருமியது.

"அப்போ சென்சார். எஞ்சின் சூடா இருக்கா, ஆறியிருக்கான்னு சொல்றது அதுதான். அது பொய் சொல்லுது."

"போன தடவ பிளக்குன்னீங்களேண்ணே."

"அது போன தடவ."

அதையும் மாற்றினார். கார் முன்பைவிட உற்சாகமாக இருமியது.

இதில் ஒரு கோமாளித்தனம். காலையில் மல்லுக்கட்டிக் கிளப்பி அவன் பட்டறைக்கு ஓட்டி வருவான். வந்து சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடும். மெக்கானிக் சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். காய்ச்சல் விட்ட பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி.

(ஒரு மெக்கானிக்குக்குக்கூடவா இது தோன்றாது என்பீர்கள். தோன்றும். உடனே தோன்றியிருந்தால் கதை போன பத்தியிலேயே முடிந்திருக்கும்.)

"வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க," என்றார் கடைசியில், தான்தான் அதைக் கண்டுபிடித்தவர் போல. "நல்லா ஆறட்டும். காலையில நானே கேக்குறேன்."

4

சனிக்கிழமை காலை. இங்கே மைத்துனி வருகிறாள், மனைவியின் தங்கை. நான் அழைக்கவில்லை. அவனை ஸ்கூட்டரில் பட்டறையில் இறக்கிவிட வந்தவள் போகாமல் நின்றாள்.

மெக்கானிக் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். "யாராவது உக்காந்து கிளப்புங்க."

அவன் நகரவில்லை. அவள் ஏறினாள். சாவியைப் பாதி திருப்பினாள். பின்சீட்டுக்கடியில் ஏதோ முனகி ஓய்ந்தது. அவள் கிளிப்பை உதட்டில் கவ்விக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து, முடியை அள்ளிக் கட்டினாள். பிறகு சாவியை முழுக்கத் திருப்பினாள்.

கார் இருமவில்லை.

மெக்கானிக் நிமிர்ந்ததில் பானட் தலையில் இடித்தது. "என்னம்மா பண்ணே?"

"ஸ்டார்ட் பண்ணேன்."

"அதுக்கு முன்னாடி."

"முடியக் கட்டினேன். அக்கா அப்படித்தான் சொல்லிக் குடுத்தா. பாதி திருப்பு, முடியக் கட்டு, அப்புறம் கிளப்பு. அவசரப்படுத்தினா இதுக்குக் கோவம் வரும்னு." அவனைப் பார்த்தாள். "ஏன் மாமா, உங்களுக்குத் தெரியாதா?"

பார்த்திருக்கிறான். மனைவி முடி கட்டுவதை, தினமும், ஜன்னலிலிருந்து. "ஸ்டியரிங்கைப் பாக்கவா இவ்வளவு அலங்காரம்?" என்று கேட்டுத் தன் நகைச்சுவையைத் தானே மெச்சிக்கொள்வான். அவள் கண்ணாடிக்குள்ளேயே சிரிப்பாள். பதில் சொன்னதில்லை.

[அப்போது அவனுக்குள்]

[அவன் கண்கள்]

மெக்கானிக் பேசட்டும்.

"பம்பு தம்பி. டேங்குக்குள்ள இருக்குறது. அதுல வால்வு விட்டுப்போச்சு. வண்டி நிக்க நிக்க, குழாய்ல இருக்குற பெட்ரோல் டேங்குக்கே இறங்கிடுது. சாவி பாதியில இருக்கும்போது பம்பு மட்டும் ஓடி, திரும்ப மேல ஏத்தும். அதுக்கு நேரம் குடுத்தா ஒழுங்கா கிளம்பும். நான் அப்பவே நெனச்சேன்."

"பிளக்குன்னு சொன்னீங்க."

"சொன்னது பிளக்கு. நெனச்சது பம்பு." நெற்றியைத் தடவிக்கொண்டார். "புதுசு போட்டுட்டா காத்திருக்கவே வேணாம். சாவியைத் தொட்டதும் பறக்கும். போட்டுடவா?"

அவன் கிளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, உங்களத்தான் கேக்குறார்."

"இப்ப வேணாம்ணே," என்றான்.

5

முடிவுகள் சில வைத்திருந்தேன்.

அவன் மனம் மாறிப் புது பம்பு போடுகிறான். டாக்டர் பானட்டைத் தொடுகிறார், கிளப்புகிறார், கார் தெருமுனையில் மறைகிறது. சுத்தமான முடிவு. எழுதிப் பார்த்தேன், பேனா இருமியது.

அல்லது பழைய பம்போடு விற்று, டாக்டருக்கு முறையைச் சொல்லித்தருகிறான். பாதி திருப்புங்க, முடியக் கட்டுங்க. டாக்டருக்கு முழு வழுக்கை. (வேண்டுமென்றே வழுக்கையாக்கினேன். அவர் என்னை மன்னிக்கட்டும்.)

இரண்டையும் அடித்துவிட்டேன்.

6

ஞாயிறு காலை. அவன் முன்கதவு வழியாக வந்து காரில் உட்கார்ந்திருக்கிறான். மீசை அவனுக்குப் பொருந்தவில்லை, எடுத்துவிட்டேன்.

தெருமுனையில் டாக்டர் ஒவ்வொரு வீட்டு எண்ணையும் நின்று பார்த்தபடி மெதுவாக நடந்து வருகிறார். காத்திருந்து, முறைப்படி கிளப்பிக் காட்டினால் கார் விலைபோய்விடும். இப்போதே கிளப்பினால் பானட் சூடாகிவிடும். டாக்டர் தொட்டுப் பார்த்துத் திரும்பிவிடுவார், கார் இங்கேயே நிற்கும்.

அவன் சாவியைப் பாதி திருப்பியிருக்கிறான்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். பின்சீட்டுக்கடியில் முனகல் ஓய்ந்துவிட்டது. மீதியைத் திருப்புவதும் திருப்பாததும் உங்கள் இஷ்டம்.

அவசரம் வேண்டாம். முதலில் முடியைக் கட்டிக்கொள்ளுங்கள்.