மெதுவாகச் செரிக்கும் மாவு

எடைக் கருவியின் முள் போன வாரம் நின்ற இடத்துக்கும் கீழே நின்றது. அப்பா செருப்போடு ஏறியிருந்தார். மகள் அதைக் கழற்றச் சொல்லவில்லை.

"எறங்கட்டுமா? இல்ல, இன்னும் கொஞ்ச நேரம் நின்னா ஏறுமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எடை இன்னும் இறங்கினால் ஆபரேஷன் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றுக் கட்டி காத்திருக்காது என்றும்.

ஜிம்மில் பயிற்சி கொடுப்பவள் அவள். ஊரார் உடம்பையெல்லாம் தேற்றுகிறவளுக்கு அப்பாவின் உடம்பு பிடிபடவில்லை. டாக்டரிடம் கேட்டுத்தான் கேசின் மாவு வாங்கினாள். பாலிலிருந்து எடுத்த புரதம். வயிற்றில் கெட்டியாக நின்று மெல்லக் கரையும்; தூங்கும்போதும் சதைக்குப் போய்க்கொண்டிருக்கும். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு டம்ளர் கலக்கினாள். அது கூழாக இறுகும். அப்பா ஸ்பூனால் வழித்துத் தின்பார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "டேங்க் ஃபுல்மா" என்று வயிற்றைத் தட்டிக்கொள்வார். அதைக் கேட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

அன்று ஜிம்மில், தொப்பை குறைக்க வந்த நகைக்கடைக்காரர் அதே டப்பாவை நீட்டினார்.

"மாஸ்டர், இதை எப்பக் குடிக்கணும்?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி. பசி அடங்கிடும். தட்டுல பாதி தானா மிஞ்சிடும்."

எத்தனையோ பேரிடம் ஒப்பித்த வரி. சொல்லி முடித்ததும் அப்பாவின் தட்டு கண்முன் வந்தது, ஓரமாக ஒதுக்கிய சாப்பாட்டோடு. நோய்தான் தின்ன விடவில்லை என்று நினைத்து, மாவில் இன்னொரு கரண்டி கூட்டிப் போட்டவள் அவள்.

"என்ன மாஸ்டர், எனக்குச் சொல்லிட்டு நீங்க முழிக்கிறீங்க?"

வீட்டுக்கு வந்ததும் தட்டை முதலில் வைத்தாள். அப்பா சமையல் மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"என் கூழ் எங்கம்மா?"

"முதல்ல சாப்பிடுங்கப்பா. அதைப் படுக்கப் போறப்ப தரேன்."

"நல்ல மருந்துடி அது. குடிச்சா பசியே தெரியாது. சாப்பிடலைன்னு உன்கிட்ட திட்டும் வாங்க வேண்டாம்."

"ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீ சந்தோஷமா இருந்தே."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் ஒரு வாய் எடுத்தார். மென்றார். தொண்டை ஏறி இறங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கூழ் குடிக்காத அன்றும், அடுத்த வாய்க்கு நீண்ட கை, பிரேக் மிதித்த வண்டிபோல், தட்டுக்கு மேலே நின்றது.