அசுந்தாவின் இடது கால்

அந்தக் காலத்துப் பாரிஸில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட ஓவியக்கூடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படி ஒன்றில் சிதோனி இரண்டு வருடம் பிளாஸ்டர் சிலைகளையே பார்த்து வரைந்தாள். அதற்குப் பிறகுதான் உயிருள்ள ஆளை வரையும் அறைக்குள் விட்டார்கள். அங்கே போட்டியில் வாங்கிய வரிசைப்படிதான் இடம். புதியவளுக்குக் கிடைத்தது குளிர்காயும் அடுப்போரத்து மூலை.

செவ்வாய்க்கிழமை திருத்த வந்த ஆசிரியர் தெலூப் அவள் தாளின் முன் நின்றார்.

“இது யார் கால், மத்மசெல்?”

“மேடையில நிக்கிற அசுந்தாவோடதுங்க.”

“பெருவிரலைவிட அடுத்த விரல் நீளமா இருக்கே? கிரேக்கச் சிலைக்குத்தான் அப்படி. அவங்களைப் பார்த்துப் போட்டீங்களா, பழக்கத்துல போட்டீங்களா? சனிக்கிழமையும் இதே கதைன்னா மறுபடியும் பிளாஸ்டர் அறைதான்.”

சிதோனிக்கு முகம் சிவந்துவிட்டது. கோபமெல்லாம் தன் கைமேல்தான். கண்ணைக் கேட்காமலே அது சிலையின் விரலைப் போட்டிருந்தது.

அன்றிலிருந்து பாதங்களை மட்டும் வரைந்தாள். கயிற்றில் தொங்கும் தூக்குக்குண்டைப் பிடித்து நேர் அளப்பாள், கரிக்கோடு போடுவாள், ரொட்டியின் மெத்தென்ற உட்பகுதியைப் பிசைந்து அதை அழிப்பாள்.

“அடியே, தின்னவும் கொஞ்சம் மிச்சம் வையி,” என்றாள் பக்கத்துப் பலகைக்காரி கிளோதில்ட். “நாங்க தலைமுடி வரைக்கும் வந்தாச்சு. நீ இன்னும் குதிகாலை விட்டு ஏறல.”

“ஏறினா மறுபடியும் சிலை வந்துரும்டி.”

சும்மா சொல்லக்கூடாது, பார்க்கப் பார்க்க அந்தப் பாதங்கள்மேல் அவளுக்கு மரியாதையே வந்துவிட்டது. கட்டைச் செருப்பு நசுக்கிய விரல்கள். இடது காலில் மட்டும் அவை மேடைப் பலகையைக் கவ்வியிருந்தன. பாரம் படாமல் குதிகால் ஒரு நூல் மேலே நின்றது. முக்கால் மணி நேரம் முகம் சுளிக்காமல் இப்படி நிற்கிறாளே! எந்தத் தெய்வச் சிலையும் இவளுக்குக் கிட்டே வராது என்று தோன்றியது. அந்த நூல் இடைவெளியையும் அவள் விடாமல் வரைந்தாள்.

சனிக்கிழமை தெலூப் வந்தார். பெரிய தாளில் இரண்டு பாதங்கள் மட்டும். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு மேடைப் பக்கம் திரும்பினார்.

“அம்மா, கொஞ்சம் உட்காருங்க. இடது கால்ல எத்தனை நாளா வலி?”

அசுந்தா பதறிவிட்டாள். “ஐயோ, வேலை போயிரும்னு நான் யார்கிட்டயும் மூச்சே விடலையே! யார் சொன்னது?”

தெலூப் தாளைத் தூக்கி அவளுக்குக் காட்டினார்.

“இவங்கதான். உங்க வேலை எங்கயும் போகாது. இவங்களும் இந்த அறையை விட்டு எங்கயும் போகப் போறதில்ல.”