கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொட்டு

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் வளையல், மோதிரம், முகப் பவுடர் எதுவும் வரக்கூடாது. சட்டம் போட்டவள் நான். நெற்றியில் விபூதியோடு வந்த சக ஆய்வாளர் பத்ரிநாத்தை இரண்டு முறை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் என்னைத் தாசில்தார் என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும்.

செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்து விழுந்த கல்லில் அரை கிராம் எங்களுக்குக் கிடைத்திருந்தது. அதன் விரிசல்களில் துத்தநாகம் கூடுதலாக இருந்தால், ஒரு காலத்தில் அங்கே வெந்நீர் ஓடி உலோகத்தைக் கரைத்துக் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கலாம். நாங்கள் தேடியது பத்து லட்சத்தில் சில பங்கு. வெளித்தூசி ஒரு துளி விழுந்தால் எல்லாம் கெட்டது.

அப்படிப்பட்ட நான்தான் ஆயுத பூஜையன்று புத்தி கெட்டுப் போனேன். பெங்களூரில் அன்றைக்குப் பொட்டில்லாத இயந்திரம் உண்டா? அளக்கும் கருவிக்கு வெளியே மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கல்லைக் கரைக்கும் கண்ணாடிப் பெட்டி மட்டும் மூளியாக நின்றது. மூன்று வருடம் நான் குனிந்து வேலை பார்த்த இடம், மனசு கேட்கவில்லை. உள்சுவரில், சூடேற்றும் தட்டுக்கு மேலே, யார் கண்ணிலும் படாத மூலையில் குங்குமம் வைத்தேன். விடுமுறை முடிந்து துடைக்க நினைத்தேன், மறந்தே போனேன்.

கல்லைப் போடாமல் வெறும் அமிலத்தை மட்டும் அளப்பதற்கு பிளாங்க் என்று பெயர். பெட்டி சுத்தமா என்று அதுதான் சொல்லும். பூஜைக்கு முந்தின வாரம் எடுத்தது இருக்கிறதே என்று மறுபடி எடுக்கவில்லை. அரை கிராமையும் கரைத்தேன். துத்தநாகம் எகிறியது. எங்கள் ஆய்வுக்குழுத் தலைவர் அனந்தபத்மநாபன் சார் எழுந்து நின்று கைதட்டினார். மார்ச்சில் அவர் ஓய்வு பெறுகிறார். முப்பது வருடம் காத்திருந்தது இதற்குத்தான். கட்டுரை ஏற்கப்பட்டது. அதைக் காட்டித்தான் எனக்கும் ஜெர்மனியில் வேலை கிடைத்தது.

நான்கு நாட்களுக்கு முன் பெட்டியைத் துடைத்த பாகீரதியக்கா சிவந்த துணியைக் கொண்டுவந்து நீட்டினார். அப்போதுதான் அந்தப் பொட்டு ஞாபகம் வந்தது. மேசை இழுப்பறையில் மிச்சமிருந்த குங்குமத்தைக் கரைத்து அளந்தேன். துத்தநாகமும் ஈயமும் எந்த விகிதத்தில் கல்லில் கூடியிருந்தனவோ, அதே விகிதத்தில் குங்குமத்திலும் இருந்தன.

சாரிடம் ஓடினேன். அவர் அளவுத் தாளை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கல்லு தீந்துபோச்சும்மா. இது தப்புன்னு இனிமே யாராலயும் நிரூபிக்க முடியாது. சும்மா எதுக்குத் தலையைக் குழப்பிக்கறே?" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுபோல் இருந்தது. சரியென்று நிரூபிக்கவும் இனி யாராலும் முடியாதே. இந்தப் பொய்யை நான்தான் ஆயுசு முழுக்கக் காவல் காக்க வேண்டும். ஜீவனஹள்ளியில் நான் தங்கியிருக்கும் அறையில் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சொன்னால் அவருடைய முப்பது வருடமும் என் வேலையும் போகும். சொல்லாவிட்டால் நானே எனக்கு ஆகாமல் போவேன்.

இன்று அறிவிப்புக் கூட்டம். முதல் வரிசையில் நடுவில், சாருக்கும் அவர் மனைவிக்கும் இடையில் என்னை உட்கார வைத்தார்கள். எழுந்து போகக்கூட வழியில்லை. சார் அழகாகப் பேசினார். பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, அந்தத் துத்தநாகம் பூமியில் ஒட்டிக்கொண்டதாக இருக்கலாமே என்று கேட்டாள்.

சார் சிரித்தபடி மைக்கை என்னிடம் நீட்டினார். "இதுக்கு அனுஷாவே சொல்லட்டும். லேப்ல அவளைத் தாண்டி ஒரு தூசி உள்ள போகாது."

மைக் கனத்தது. அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"போச்சு சார். நான் வெச்ச குங்குமம் அது."

வேடிக்கை என்று நினைத்து அரங்கமே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.